ஊட்டுலதானுங்க

சிங்காநல்லூர்
11 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை, புது ப்ரோச் கிடைத்தது நகைக்கடையில் இல்லை. மோட்டார் கடையில்.

முதலில் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை நூற்று எழுபதில் நிற்கிறது. கால் மரத்துப்போகிறது என்கிறார். உன் முழங்கால் எப்படி? பனியில் நடக்காதே என்று எழுதச் சொன்னார்.

வாட்ஸ்அப்பில் வருவது தகவல், கையால் எழுதி வருவதுதான் ஆவணம் என்றாய். அதனால் பேனா. உன் சேகரிப்பின் விதிகள் இரண்டும் மேசையில் ஒட்டியிருக்கின்றன. கோட்டில் குத்திக்கொள்ளும் ப்ரோச்சைச் செய்தவர் உயிரோடு இருக்க வேண்டும். அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத ப்ரோச் வெறும் ஊக்கு.

டிசம்பரில் அனுப்பிய இரண்டும் வந்தனவா? மதுக்கரை மிதுன் சிமெண்டில் வார்த்தது கனம். கோட்டில் நிற்கும், சேலையைக் கிழிக்கும். கருமத்தம்பட்டி உம்மல் குல்சும் தறி ஓரத்தில் வெட்டி விழும் நூலைச் சுருட்டிச் செய்தது கனமே இல்லை. குப்பையை ஊர்விட்டு ஊர் அனுப்புகிற முதல் ஆள் நீங்கதான் என்று என்னைக் கேலி செய்தார்.

இந்த முறை தேடிப் போகவில்லை. வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்து நின்றது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ‘சின்னான் மோட்டார் ரீவைண்டிங்’. தூக்கிக்கொண்டு போனேன். சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஓர் அட்டை. அட்டையில் ஒன்பது ப்ரோச்.

இங்கே அதை ஷால் பின் என்கிறார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் சீருடை ஷாலைத் தோளில் குத்துவதற்கு. மோட்டாருக்குள் சுற்றும் அதே செம்புக் கம்பி. நூறு சுற்று, அதன் மேல் குறுக்காக நூறு. நடுவில் ஒரு கண். வெள்ளைப் பருத்தி நூலால் கட்டு. வார்னிஷில் முக்கி எடுத்தது. ஒன்றை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். கையில் வைத்துப் பார். சூடு ஏறும் போலிருக்கும்.

கடை வாசலில் சின்னான் எரிந்த மோட்டார்களைப் பிரிக்கிறார். உள்ளே ஒற்றை பல்பு. அவர் மனைவி செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் மிஷினின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மிஷின் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. இந்த பின்களை யார் செய்வது என்று கேட்டேன். சின்னான் தலையைச் சொறிந்தார்.

“ஊட்டுலதானுங்க செய்யறது. மிச்சக் கம்பிங்க. சும்மா கெடந்தா எடைக்குத்தானுங்க போகும்.”

உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. அதற்குமேல் பேச நேரமில்லை. மோட்டாரை வாங்கப் போகும்போது மீதியைக் கேட்டு எழுதுகிறேன்.

உன் கண்காட்சிச் சிறுபுத்தகத்தில் ‘செய்தவர்களைச் சந்தித்து எழுதியவர்: டீனா பிரகாசம்’ என்று வரும் என்றாயே, அந்த வரியை மூன்று முறை படித்தேன். எம்.ஏ. முடித்து ஐந்து வருடம். இதுவரை என் பெயர் அச்சில் வந்தது ஒரு கல்யாணப் பத்திரிகையில். அதுவும் உன் கல்யாணம்.

அன்புடன் தங்கை,
டீனா


கிளாஸ்கோ
2 பிப்ரவரி 2025

என் டீனாக்குட்டிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் ஜேக்கும் சுகம். உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன். முழங்கால் அப்படியே. இந்த ஊரில் எல்லாருக்கும் முழங்கால்தான்.

உன் செம்பு ப்ரோச் வந்தது. என் வரிசையில் எண்பத்தேழு. வந்ததிலிருந்து கோட்டைவிட்டுக் கழற்றவில்லை. எந்த பிளக்கில் சொருகுவது என்று ஜேக் கேட்கிறார்.

திருப்பிப் பார்த்தேன். வாங்குகிறவர்கள் முன்பக்கம் பார்ப்பார்கள், சேர்க்கிறவர்கள் பின்பக்கம் பார்ப்போம். செய்தவரின் கை அங்கேதான் இருக்கும். பின்னால் ஊசியின் மூட்டு வலப்பக்கம், கொக்கி இடப்பக்கம். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். இதில் மாறியிருக்கிறது. மூட்டு இடப்பக்கம். சின்னான் இடது கைக்காரரா? கேட்டு எழுது.

கண்காட்சிக்குக் கேலரி சம்மதித்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் திறப்பு. சின்னானுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்: “வீட்டில்தான் செய்கிறேன். மிச்சக் கம்பி.” கீழே, ‘செய்தவர்: சின்னான், சிங்காநல்லூர். வீட்டிலேயே கையால் செய்தது.’ வீட்டில் செய்தது என்றால் இங்கே ஆட்கள் உருகிவிடுவார்கள். தவறு ஏதும் இருந்தால் மார்ச் பத்துக்குள் எழுது. அன்று அச்சுக்குப் போகிறது. அவருடைய படம் ஒன்றும் வேண்டும்.

இன்னொன்று. நிதி கொடுப்பவர்கள் எழுதியவர் என்று ஒரே பெயர் கேட்கிறார்கள். இரண்டு பெயர் என்றால் படிவம் வேறாம், மறுபடி முதலிலிருந்தாம். உன் கடிதங்களைக் கொஞ்சம் செதுக்கி என் பெயரிலேயே போட்டுவிடுகிறேன். நீ தப்பாக நினைக்கமாட்டாய் என்று தெரியும். நன்றிப் பக்கம் இருக்கிறது.

அப்பாவின் செருப்பு அளவு அனுப்பு. சர்க்கரைக்காரர்களுக்கென்றே மெத்தென்று ஒன்று விற்கிறார்கள்.

முத்தங்களுடன்,
கரோலின்


சிங்காநல்லூர்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சுகம். செருப்பு அளவு எட்டு. நீங்களும் மாமாவும் சுகமாயிருக்க அப்பா ஜெபிக்கிறார்.

மோட்டார் வந்துவிட்டது. சத்தமில்லாமல் ஓடுகிறது.

நீங்கள் கேட்ட படம் இத்துடன். சின்னான் கடை வாசலில் நிற்கிறார். பின்னால் இருட்டில் ஒரு கை தெரியும். வேண்டாம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

செய்முறை. மரத்துண்டில் அடிக்கப்பட்ட நான்கு ஆணிகளைச் சுற்றிக் கம்பி சுற்றப்படுகிறது. சுற்று எண்ணப்படுகிறது. கழற்றப்பட்டு, குறுக்காக வைத்து நூலால் கட்டப்படுகிறது. அந்தக் கட்டு மோட்டார் காயிலுக்குப் போடும் கட்டுதான். எவ்வளவு அதிர்ந்தாலும் அவிழாது. வார்னிஷில் முக்கி, இருநூறு வாட்ஸ் பல்புக்கு அடியில் ஒரு பகல் காயவைக்கப்படுகிறது. ஊசி சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து எடுக்கப்படுகிறது. தரையில் தேய்த்துக் கூராக்கப்படுகிறது.

திருத்த எதுவும் இல்லை. அச்சுக்குப் போகலாம்.

டீனா


கிளாஸ்கோ
4 மே 2025

டீனாக்குட்டி,

கடவுள் எவ்வளவு நல்லவர். இருநூறு பேர் வந்தார்கள். என் முழங்காலோடு நான்கு மணி நேரம் நின்றேன். அப்பாவுக்குச் செருப்பு சரியாக இருக்கிறதா?

சிறுபுத்தகம் இரண்டு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று சின்னானுக்கு. அவர் படம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பார். பின்னால் இருந்த கையை வெட்டிவிட்டேன். கண்ணை இழுத்தது. உன் செய்முறைக் குறிப்பை அப்படியே போட்டிருக்கிறேன். ‘சுற்றப்படுகிறது, கட்டப்படுகிறது’ என்று மந்திரம் மாதிரி இருந்தது. ஒரு பெண்மணி அதைச் சத்தமாகப் படித்தார், எல்லாரும் கேட்டார்கள்.

எண்பத்தேழை வாங்கிக்கொள்ள மூன்று பேர் கேட்டார்கள். நான் விற்பதில்லை. அதனால் கேலரிக் கடைக்கு இருபது வேண்டும். சின்னானிடம் சொல். என் வணக்கத்தையும் சொல்.

அன்பு அக்கா


சிங்காநல்லூர்
26 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தார். நீங்கள் சுகம்தானே.

புத்தகங்கள் வந்தன. முப்பத்தொன்றாம் பக்கத்தில் சின்னானைப் பார்த்தேன். நன்றிப் பக்கமும் பார்த்தேன். ‘கோவையிலுள்ள என் குடும்பத்துக்கு.’

ஒரு பிரதியைக் கடையில் கொடுத்தேன். பார்த்தார்கள்.

டீனா


கிளாஸ்கோ
15 ஜூன் 2025

டீனா,

என்ன ஆயிற்று உனக்கு? ‘பார்த்தார்கள்.’ அவ்வளவுதானா? அவர் முகம் எப்படி இருந்தது, என்ன சொன்னார், ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் ஓர் ஆணியைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவாய். இதையெல்லாம் கோப்பில் வைக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா?

அப்புறம் நான் எப்போதிலிருந்து ‘நீங்கள்’ ஆனேன்? பக்கத்து வீட்டுக்காரிக்கு எழுதுவதுபோல் எழுதுகிறாய். அப்பா அருகில் இருந்து சொல்லித்தருகிறாரா?

உடம்பு சரியில்லை என்றால் சொல். இருபதும் எப்போது வரும்?

அக்கா


சிங்காநல்லூர்
30 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவும் சுகம். மாமாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு இங்கே ஒரு நாளிதழின் இணைப்பில் சின்னானைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ‘வீட்டிலேயே கலை செய்யும் மெக்கானிக்.’ அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். முன்பு அட்டை தொங்கிய அதே ஆணியில்.

இருபது கேட்டீர்கள். எட்டுதான் கிடைத்தது. அனுப்புகிறேன்.

நீங்கள் பின்பக்கம் பார்ப்பவர். பாருங்கள்.

டீனா


கிளாஸ்கோ
22 ஆகஸ்ட் 2025

டீனாக்குட்டி,

பார்த்தேன். மூட்டு வலப்பக்கம் வந்துவிட்டது. நான் கேட்காமலே மாற்றியிருக்கிறார் மனிதர். திறப்பு அன்று இரண்டு பேர் எண்பத்தேழைக் குத்திப் பார்த்து முடியாமல் கொடுத்துவிட்டார்கள். இனி அந்தப் பிரச்சினை இல்லை. என் பாராட்டைச் சொல். கட்டு முன்பைவிடக் கொஞ்சம் தளர்வு, ஒன்றில் நூல் முனை வெளியே நிற்கிறது. அவசரத்தில் செய்திருப்பார். எட்டும் நான்கே நாளில் போய்விட்டன.

பெரிய செய்தி இதுதான். நவம்பரில் மூன்று வாரத்துக்கு அவரை இங்கே அழைக்கிறார்கள். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும். நம் ஊர் ஆள், டீனா, யோசித்துப் பார். விசா கடிதத்துக்கு வேண்டும்: செய்தவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். உடனே.

முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டேன். பரவாயில்லை. அப்பாவுக்கு என் முத்தம்.

கரோலின்


சிங்காநல்லூர்
14 செப்டம்பர் 2025

அக்கா,

செய்தவரின் முழுப்பெயர் காளியாத்தாள். வயது நாற்பத்து மூன்று. ஆதாரில் ஜனவரி ஒன்று என்று இருக்கிறது, ஆனால் பிறந்தது வைகாசியில். பாஸ்போர்ட் இல்லை.

உன் சுகம் கேட்க வேண்டிய இடம் இது. கேட்கிறேன். அப்பா தூங்குகிறார்.

சின்னான் சொன்ன ‘ஊட்டுல’ வீடு இல்லை. மனைவி. கட்டியவளின் பெயரை வெளி ஆளிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதல் நாளே அந்த மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார். நான் அப்படியே எழுதினேன். உனக்குப் புரியும் என்று நினைத்தேன். நீ வீடு என்று படித்தாய். அதுவரைக்கும் உன் பிழை.

மற்றது என்னுடையது.

பிப்ரவரியில் மோட்டார் வாங்கப் போனபோது உன் கடிதம் பைக்குள் இருந்தது. பஸ்ஸில் படித்திருந்தேன். ‘இன்னொன்று’ என்று தொடங்கும் பத்தியையும் படித்திருந்தேன். காளியாத்தாள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இடது கையால். மிஷின் ஏன் சுவரைப் பார்க்கிறது என்று அப்போது புரிந்தது. கைப்பிடி அந்தப் பக்கம் வந்தால்தான் அவருக்குச் சுற்ற வரும்.

மகள் வர்ஷினிக்குக் கடையில் வாங்கிய ஷால் பின் குத்திக் கழுத்தில் சீழ் வைத்துவிட்டதாம். அதற்காக முதலில் இரண்டு செய்திருக்கிறார். பிறகு அவள் வகுப்பு முழுக்கக் கேட்டது. எல்லாம் சொன்னார். சொல்லி முடித்துக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“என்ர பேரு வருமுங்களா அம்மணி, அந்தப் பொஸ்தகத்துல?”

வரும் என்றேன். பெயரைக் கேட்டேன். சொன்னார். எந்த ‘ள’ என்றுகூடச் சொன்னார்.

நீ கேட்டிருந்தாய். தவறு இருந்தால் எழுது. இடது கைக்காரரா, கேட்டு எழுது. எழுதவில்லை. அது மறதி இல்லை. ‘சுற்றப்படுகிறது, கட்டப்படுகிறது’ என்று ஆளே இல்லாமல் ஒரு பக்கம் எழுதினேன். எம்.ஏ. படித்ததற்கு அதுதான் உபயோகம். என் பெயர் விழுந்துபோன பக்கத்தில் இன்னொருத்தி பெயர் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. நீ தப்பாக அச்சடிக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் இருந்தன.

மே மாதம் புத்தகத்தைக் கொடுத்தபோது சின்னான் தன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். “ஏனுங்க, ஊட்டுலன்னு சொன்னேனுங்களே. எம்பேரப் போட்டுப்போட்டாங்க.” காளியாத்தாள் எட்டிப் பார்த்தார். போட்டோ நல்லா இருக்குதுங்க என்றார். உள்ளே போனார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

பிறகு நாளிதழ்க்காரர் வந்தார். சின்னான் அவரிடமும் ஊட்டுலதான் என்று சொல்லியிருக்கிறார். அவரும் வீடு என்றே எழுதினார். மூன்றாவதாக ஒரு காமிராக்காரர் வந்தபோது சின்னான் அதைச் சொல்லவில்லை. இரண்டு தடவை உண்மை சொல்லி அலுத்திருக்கலாம். பிடித்துப்போயிருக்கலாம். உனக்கு அனுப்பிய எட்டையும் செய்தது சின்னான்தான். சுவரைப் பார்த்த மிஷின் இப்போது வாசலைப் பார்க்கிறது. வருகிறவர்கள் அவர் சுற்றுவதைப் பார்க்க வேண்டுமாம்.

காளியாத்தாள் ஜூனோடு நிறுத்திவிட்டார். கடைசியாகச் செய்தவற்றையெல்லாம் வர்ஷினியின் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். வேலை ஜாஸ்திங்க என்றார்.

உனக்கு நவம்பரில் யார் வேண்டும்?

டீனா


கிளாஸ்கோ
19 அக்டோபர் 2025

டீனா,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் கோபம். நீ என்னைக் கேலரியில் தலைகுனிய வைத்துவிட்டாய். செய்தவரின் பெயர்தான் என் சேகரிப்பு. அதில் வேண்டுமென்றே கையை வைத்திருக்கிறாய். ‘இன்னொன்று’ என்று என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. உனக்கு எழுதியதற்கு என்னிடம் நகல் இல்லை. ஏதாவது மனம் நோக எழுதியிருந்தால் அப்போதே கேட்டிருக்கலாமே, கண்ணு.

அந்தச் சொல் எனக்குத் தெரியாததா? ‘ஊட்டுல கேட்டுச் சொல்றனுங்க’ என்று அப்பா யாரிடமும் சொல்வார். அம்மாவைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எட்டு வயதிலேயே தெரியும். காகிதத்தில் பார்த்தபோது தெரியவில்லை.

கேலரியிடம் சொன்னேன். அழைப்பை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறார்கள். யாரையும் அழைக்கவில்லை. விற்றுப்போன முந்நூறு பிரதிகளுக்கு ஒன்றும் செய்ய முடியாது. மீதி நாற்பதில் ஒட்ட ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்தோம். ஒன்று வைத்திருக்கிறேன். ‘பக்கம் 31: செய்தவர் காளியாத்தாள்.’

எண்பத்தேழையும் இத்துடன் அனுப்புகிறேன். பின்பக்கத்தில் அவர் கையாலேயே பெயரைக் கீறச் சொல். வாங்கித் திருப்பி அனுப்பு. ஆவணமாவது சரியாக இருக்கட்டும். அவர் என்ன சொன்னார் என்பதை எழுது. இந்த முறை எதையும் விடாமல் எழுது.

கரோலின்


சிங்காநல்லூர்
16 நவம்பர் 2025

அக்கா,

சீட்டு வந்தது. எண்பத்தேழும் வந்தது. அப்பா சுகம், சர்க்கரை நூற்று அறுபது. உன் முழங்கால் குணமாகட்டும்.

விடாமல் எழுதச் சொன்னாய்.

நேற்று மத்தியானம் போனேன். சின்னான் வெளிவேலைக்குப் போயிருந்தார். காளியாத்தாள் வாசலைப் பார்த்த மிஷினில், கைப்பிடியின் மேல் உடம்பைக் குறுக்கே வளைத்துக்கொண்டு ஒரு பம்ப் மோட்டாருக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை, அதனால் வர்ஷினியும் இருந்தாள். சீட்டைக் கொடுத்தேன். அவள் படித்துச் சொன்னாள். காளியாத்தாள் அவளை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். வாங்கி, நூல் வைக்கும் டப்பாவில் போட்டார்.

ப்ரோச்சைக் கொடுத்தேன். பல்புக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். முன்பக்கம் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம். மூட்டை ஒரு தடவை திறந்து மூடினார். பெயரைக் கீற வேண்டும் என்று சொன்னேன்.

“கீறுனா வார்னிசு உட்டுப்போகுமுங்க. அப்பறம் கம்பி கறுத்துரும்.”

பெயர் இருந்தால் நல்லது என்றேன். அவர் ப்ரோச்சை மறுபடி பல்புக்கு அடியில் பிடித்தார். நான் சொல்லிவிட்டேன். பெயர் விட்டுப்போனது அக்காவால் மட்டும் இல்லை, நான் தெரிந்தே எழுதவில்லை என்று.

“அன்னைக்கே தெரியுமுங்க” என்றார். “பேரு கேட்டீங்க. பேனாவக் கையில வெச்சுட்டே இருந்தீங்க. எழுதல.”

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

கடையில் கொடுத்த பிரதி மேசை டிராயரில் இருந்தது. எடுத்து, என்னைக் காட்டி, “இவுங்க பேரு எங்கிருக்குது, பாரு கண்ணு” என்று மகளிடம் கொடுத்தார். வர்ஷினி முதல் பக்கத்திலிருந்து தேடினாள். அட்டை. உள்பக்கம். அட்டவணை. எனக்கு எங்கே முடியும் என்று தெரியும், நிறுத்தச் சொல்லவில்லை. கடைசிக்கு வந்து, கோயமுத்தூர்ல இருக்கற குடும்பத்துக்கு நன்றின்னு போட்டிருக்குதும்மா, அவ்வளவுதான் என்றாள்.

காளியாத்தாள் என்னைப் பார்த்தார். முதல் நாள் உள்ளேயிருந்து கேட்ட அதே சிரிப்பு.

“அப்ப நீங்களும் ஊட்டுலதானுங்க அம்மணி.”

பிறகு மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையாவது சுற்று என்பது விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

எண்பத்தேழை நூல் டப்பாவிலேயே வைத்துவிட்டு வந்தேன். உன் வரிசையில் அந்த எண்ணைக் காலியாக விடு. இந்தக் கடிதத்தைக் கோப்பில் வைக்கலாம். எழுதியவர் பெயர் கீழே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பியதும் நிறுத்தினேன்.

டீனா பிரகாசம்